கம்பெனி யார் பேரில்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. மீன் நெட்டியில் தொடங்கி இன்சுலினுக்குப் போய், நம்ம ஊர் வீட்டுப் பத்திரத்தில் வந்து முடியும். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் என்னிடம் படித்த மாணவி ஒருத்தி தன் உம்மாவோடு வீட்டுக்கு வந்திருந்தாள். உயிரித் தொழில்நுட்பத்தில் முதுகலை முடித்தவள். இரண்டு தோழிகளோடு சேர்ந்து உயிர் உரம் தயாரிக்கும் சின்னக் கம்பெனி தொடங்கப் போகிறாள். அசோஸ்பைரில்லம், சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா என்று நம்ம பக்கத்து நெல் விவசாயிகள் ஏற்கெனவே கேட்டு வாங்கும் சரக்குதான். ஆய்வுக்கூட வேலை ஒருத்திக்கு, கணக்கு ஒருத்திக்கு, வயல் வயலாகப் போய் விவசாயிகளிடம் பேசுவது ஒருத்திக்கு என்று மூவரும் வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். உரிமத்துக்கு என்னென்ன வேண்டும், எந்திரம் என்ன விலை என்றெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுவந்தாள். என் கண்ணுக்கு அதில் குறை தெரியவில்லை.

வீட்டில் கிளம்பிய கேள்வி ஒன்றுதான். கம்பெனியை யார் பேரில் பதிவது?

சவூதியில் இருக்கும் காக்கா பணம் போடுகிறார். அதனால் அவர் பேரிலேயே இருக்கட்டும், வேலையை நீ பார்த்துக்கொள் என்பது வீட்டார் யோசனை. கடன் கேட்கப் போன இடத்திலும், "வீட்டு ஆம்பளை யாரையாவது அழைச்சிட்டு வாங்கம்மா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "நீங்கதான் சார் ஒரு முடிவு சொல்லணும்" என்றார் உம்மா.

நான் முடிவு சொல்லவில்லை. ஒரு கதைதான் சொன்னேன். அதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நான் விலங்கியல் வாத்தியார். மீனின் காற்றுப்பை பற்றி எத்தனையோ வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். மீன் தண்ணீரில் மேலேயும் கீழேயும் போக உதவும் உறுப்பு என்று கரும்பலகையில் படம் போடுவேன். ஒரு நாள் கடற்கரைத் தெருப் பையன் ஒருவன் எழுந்து, "சார், அது நெட்டி சார். கூறல் மீன்ல எடுப்போம். மீனை விட அதுக்குத்தான் காசு" என்றான். அன்றைக்கு அவன்தான் எனக்குப் பாடம் நடத்தினான்.

அந்தக் காசுக்கு என்ன காரணம் என்று பிறகு தேடிப் படித்தேன். காயவைத்த நெட்டியைச் சீனர்கள் சூப்பு வைக்கிறார்கள். இன்னொரு உபயோகமும் உண்டு. சில மீன்களின் நெட்டியிலிருந்து ஐசிங்கிளாஸ் என்ற பொருளை எடுக்கிறார்கள். அது கொலாஜன் என்னும் புரதம். கலங்கலான பானத்தில் இதைக் கரைத்துவிட்டால், மிதக்கும் ஈஸ்ட்டை எல்லாம் இழுத்துக்கொண்டு அடியில் படிந்துவிடும். கலங்கிய குடிநீரில் தேத்தாங்கொட்டையை உரைத்துவிட்டுத் தெளியவைத்தார்களே நம் பெரியவர்கள், ஏறக்குறைய அந்த வேலைதான். ஐரோப்பாவில் பீர் தெளிய இதைத்தான் போட்டார்கள்.

பீர் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். நம்ம கதை பீர் கடைக்குள் போகாது. அந்தக் கதவு அடைபட்ட இடத்தில்தான் தொடங்குகிறது.

1953-இல் பிறந்தவர் கிரண் மஜும்தார். தந்தை ரசேந்திர மஜும்தார் ஒரு பெரிய மதுபான நிறுவனத்தில் தலைமை வடிப்பாளர். மகளுக்கு டாக்டராக ஆசை. மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. விலங்கியல் படித்து 1973-இல் பட்டம் வாங்கினார். நொதித்தலும் ஒரு அறிவியல்தானே, அதைப் படியேன் என்று வழிகாட்டியவர் தந்தை. ஆஸ்திரேலியாவில் பல்லாரட் என்ற ஊருக்குப் போய்ப் படித்தார். வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். முதல் மாணவியாகவும் வந்தார். 1975-இல் தேர்ச்சி பெற்ற வடிப்பாளராக ஊர் திரும்பினார்.

படிப்பு இருந்தது. வேலை கிடைக்கவில்லை. கல்கத்தாவிலும் பரோடாவிலும் தொழில்நுட்ப ஆலோசனை, மால்ட் தயாரிப்பு என்று இரண்டு வருடம் ஓடியது. தலைமை வடிப்பாளர் பதவி கேட்டுப் போன இடங்களில், இது ஆண்கள் பார்க்கிற வேலை என்று சொல்லிவிட்டார்கள். வெறுத்துப்போய் ஸ்காட்லாந்தில் வேலைக்குப் போகத் தயாரானார்.

அந்த நேரத்தில் அவரைத் தேடி வந்தவர் லெஸ்லி ஆக்கின்க்ளாஸ். அயர்லாந்தில் கார்க் நகரத்தில் பயோகான் பயோகெமிக்கல்ஸ் என்ற என்சைம் கம்பெனி நடத்தியவர். அவருக்கு இந்தியாவிலிருந்து இரண்டு பொருள்கள் வேண்டியிருந்தன. ஒன்று மீன் நெட்டியிலிருந்து வரும் ஐசிங்கிளாஸ். மற்றொன்று பப்பாளிக்காயின் பாலிலிருந்து வரும் பப்பேன்.

பப்பேனும் நமக்குத் தெரிந்ததுதான், பேர்தான் தெரியாது. நம்ம ஊர் பண்டாரிமார்கள் முற்றின கறி வேகாவிட்டால் பப்பாளிக்காய்த் துண்டு போடுவார்கள் அல்லவா? அந்தக் காயில் உள்ள பப்பேன் என்ற என்சைம் புரதத்தை அறுத்துவிடுகிறது, கறி மெத்தென்று ஆகிறது. குளிரவைக்கும்போது பீரைக் கலங்க வைக்கும் புரதத்தையும் அதுவே அறுக்கும்.

கூட்டாளியாக இரு என்று அவர் கேட்டபோது கிரண் தயங்கினார். கையில் பணம் இல்லை, வியாபார அனுபவமும் இல்லை. ஆறு மாதம் பார், பிடிக்கவில்லை என்றால் உனக்கு வடிப்பாளர் வேலை நான் வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார் அந்த ஐரிஷ்காரர். அயர்லாந்து போய் வேலை பழகிவிட்டு வந்து, 1978 நவம்பரில் பெங்களூரில் பயோகான் இந்தியா தொடங்கினார். இடம் வாடகை வீட்டின் கார் ஷெட். முதல் 10,000 ரூபாய். வயது 25.

இங்கேதான் என் மாணவியை நிமிர்ந்து உட்காரச் சொன்னேன். அந்நிய முதலீட்டுக்கு அன்றைக்கு நம் நாட்டில் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. அதனால் பங்கு இப்படிப் பிரிந்தது. அயர்லாந்துக் கம்பெனிக்கு 30 சதவீதம். கிரணுக்கு 70 சதவீதம். தொழில்நுட்பமும் வெளிநாட்டுச் சந்தையும் அவர்கள் கையில். ஆனாலும் கம்பெனி இந்தப் பெண் பேரில். மாதச் சம்பள வேலைக்கு லாயக்கில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர் முதலாளி ஆனார்.

ஆனதும் கதவெல்லாம் திறந்துவிடவில்லை. வங்கிக்குப் போனார். சின்ன வயது, பெண், கேள்விப்படாத தொழில். உங்கள் அப்பா ஜாமீன் தருவாரா என்று கேட்டார்கள். (என் மாணவியின் உம்மா இந்த இடத்தில் லேசாகச் சிரித்தார்.) பிறகு ஒரு நிகழ்ச்சியில் தற்செயலாகச் சந்தித்த வங்கி அதிகாரி ஒருவர் நம்பிக் கடன் கொடுத்தார். வேலைக்கு ஆள் தேடினால், பெண் நடத்தும் கம்பெனியில் சேரவே பலர் தயங்கினார்கள். முதலில் வேலைக்குச் சேர்ந்தவர் ஓய்வுபெற்ற ஒரு கார் மெக்கானிக். கரண்ட் நிற்காமல் வர வேண்டும், சுத்தமான தண்ணீர் வேண்டும், இரண்டும் சிரமம். இத்தனைக்கும் நடுவில் ஒரே வருடத்தில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் என்சைம் ஏற்றுமதி ஆனது. வந்த லாபத்தை ஊதாரித்தனமாகச் செலவழிக்காமல் 20 ஏக்கர் நிலம் வாங்கினார். அவ்வளவு நிலம் எதற்கு என்று அன்றைக்குக் கேட்டவர்கள் இருந்திருப்பார்கள்.

ஒரு கம்பெனி முதலாளி ஒருவரால் மட்டும் ஓடாது. பயோகான் சின்னதாக இருந்தபோது சேர்ந்தவர்களைப் பாருங்கள். நிதிப் பொறுப்புக்கு 1981-இல் வந்தவர் முரளி கிருஷ்ணன். ஆராய்ச்சிக்கு 1984-இல் வந்தவர் ஸ்ரீகுமார் சூரியநாராயணன். விற்பனைக்கு 1986-இல் அஜய் பரத்வாஜ். 1990-இல் அருண் சந்தாவர்க்கர், மும்பை ஐஐடியிலும் அமெரிக்காவின் எம்ஐடியிலும் படித்தவர், பின்னாளில் இதே கம்பெனியின் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். எல்லோரும் அன்றைக்கு இளைஞர்கள். பெரிய இடங்களில் சேர்ந்திருக்கலாம். இங்கே வந்து பல வருடம், சிலர் பல பத்தாண்டுகள் இருந்தார்கள். சின்ன இடத்தில் பெரிய பொறுப்பு கிடைத்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். கணக்குக்காரர் கணக்கையும் விஞ்ஞானி ஆய்வுக்கூடத்தையும் முழுப் பொறுப்போடு நடத்தினார்கள். கடைசிக் கையெழுத்து யாருடையது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

ஸ்ரீகுமார் வந்த பிறகு கம்பெனி மீன் நெட்டியையும் பப்பாளிப் பாலையும் தாண்டியது. என்சைம்களைப் பூஞ்சைகளைக் கொண்டே தயாரிக்க முயன்றார்கள். தண்ணீர்த் தொட்டியில் வளர்க்காமல், தவிடு மாதிரியான ஈரப் பொருளைத் தட்டில் பரப்பி அதன்மேல் பூஞ்சையை வளர்க்கும் திட நொதித்தல் முறை அது. ஜப்பானியர்கள் சோயா சாஸுக்குப் பரம்பரையாகச் செய்வது. இதற்குத் தொழிற்சாலை கட்டப் பணம் வேண்டும். நிரூபணம் ஆகாத தொழில்நுட்பத்துக்கு யார் கொடுப்பார்கள்? 1987-இல் ஐசிஐசிஐ தலைவர் நாராயணன் வகுல் துணிந்து 2,50,000 டாலர் அளவுக்குத் துணிகர முதலீடு கொடுத்தார். கடன் கொடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் எப்படிப்பட்டவர் என்பதும் ஒரு கம்பெனியின் சரித்திரத்தில் சேரும்.

அடுத்தது 1989. அயர்லாந்தின் தாய்க் கம்பெனியை யூனிலீவர் வாங்கிவிட்டது. அவர்களிடம் இருந்த பங்கும் அந்தப் பெரிய கைக்குப் போனது. நேற்றுவரை நண்பர் ஒருவர் கூட்டாளி. இன்றைக்கு முகம் தெரியாத பன்னாட்டு நிறுவனம் கூட்டாளி. எட்டு வருடம் கழித்து யூனிலீவர் தன் அந்தப் பிரிவையே ஐசிஐ என்ற இன்னொரு பெரிய நிறுவனத்துக்கு விற்றது. பங்கு மறுபடியும் கை மாறும் நிலை.

அப்போது உதவிக்கு வந்தவர் ஜான் ஷா. ஸ்காட்லாந்துக்காரர். நம் மதுரை நூல் ஆலையின் பேரைத் தாங்கிய மதுரா கோட்ஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். 1998-இல் 20 லட்சம் டாலர் திரட்டி அந்தப் பங்குகளை மீட்க உதவினார். அதே வருடம் இருவரும் மணம் செய்துகொண்டார்கள். பிறகு அவர் தன் வேலையை விட்டுவிட்டு மனைவியின் கம்பெனியில் துணைத் தலைவராகச் சேர்ந்தார். திரும்பப் படியுங்கள், துணைத் தலைவராக. பணம் கொண்டுவந்தவர் என்பதால் தலைமை நாற்காலி கைமாறவில்லை.

கம்பெனி முழுக்க அவர்கள் கைக்கு வந்தபிறகுதான் பெரிய திருப்பத்தை எடுக்க முடிந்தது. பூஞ்சை, ஈஸ்ட் வளர்க்கும் கைத்திறனை மருந்துக்குத் திருப்பினார்கள். பிக்கியா என்ற ஈஸ்ட்டுக்குள் மனித இன்சுலினுக்கான மரபணுவை வைத்து வளர்த்து, 2004-இல் இன்சுஜென் என்ற பெயரில் இன்சுலின் வெளியிட்டார்கள். ஒரு காலத்தில் மாடு, பன்றி கணையத்திலிருந்து எடுத்த மருந்து அது. நம்ம தெருவில் வீட்டுக்கு ஒருவர் ஊசி போட்டுக்கொள்கிறார், அதனால் விளக்கம் தேவையில்லை. அதே 2004-இல் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தது. முதல் நாள் முடிவிலேயே மதிப்பு 100 கோடி டாலரைத் தாண்டியது. மீன் நெட்டியில் தொடங்கிய என்சைம் பிரிவை 2007-இல் நோவோசைம்ஸ் என்ற டென்மார்க் நிறுவனத்துக்கு விற்றுவிட்டு முழுமூச்சாக மருந்துக்குப் போய்விட்டார்கள்.

இதைக் கேட்டுவிட்டு என் மாணவி சரியான கேள்வி ஒன்று கேட்டாள். "சார், அவங்க அப்பா பெரிய பதவியில இருந்தவர். இங்கிலீஷ், வெளிநாட்டுப் படிப்பு, பெங்களூர். எங்களுக்கு அதெல்லாம் ஏது?"

உண்மைதான். எல்லாப் பெண்ணுக்கும் அது வாய்க்காது. அதைத் தெரிந்து ஒரு முயற்சி செய்தவர் நம் கும்பகோணத்துக்காரர். எம். எஸ். சுவாமிநாதன். பெண்கள் தொடங்கும் உயிரித் தொழில்நுட்பக் கம்பெனிகளுக்கு என்றே தனிப் பூங்கா வேண்டும் என்று யோசனை சொன்னார். மத்திய, மாநில அரசுகளின் உதவியோடு சென்னைக்குத் தெற்கே சிறுசேரியில் சுதந்திரப் பொன்விழா நினைவாக அது அமைந்தது. கட்டடம், ஆய்வு வசதி, வழிகாட்டுதல் எல்லாம் அங்கே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், கார் ஷெட்டில் தொடங்க வேண்டியதில்லை. நாட்டிலேயே இப்படி ஒன்று முதலில் வந்தது நம் மாநிலத்தில். ஆனால் அதிராம்பட்டினத்துப் பெண்ணுக்குச் சிறுசேரி தூரம்தான். அவளுக்குத் தேவை கடைமடை வயலுக்குப் பக்கத்தில் ஒரு ஷெட்.

அதனால் நம் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம் என்றேன்.

நம்ம ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியூர்க்காரர்கள் கேட்டால் ஆச்சரியப்படுவார்கள். கல்யாணத்தில் பெண்ணுக்கு வீடு கொடுப்போம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். தெருத் தெருவாகப் பத்திரம் பெண்கள் பேரில் இருக்கும் ஊர் இது. அந்த வீட்டுக்காகத் தகப்பனும் அண்ணன் தம்பியும் படும் கஷ்டம் தனிக் கதை, அதை இங்கே எழுதவில்லை. கேட்க வந்தது வேறு. சொத்தைப் பெண் பேரில் எழுத நமக்குக் கை நடுங்கவில்லை. தொழிலைப் பெண் பேரில் எழுத மட்டும் ஏன் நடுங்குகிறது? வீடு குடியிருக்க. கம்பெனி என்றால் முடிவெடுக்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். நடுக்கம் அங்கேதான் இருக்கிறது.

காக்கா பணத்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர் பாலைவன வெயிலில் சம்பாதித்த பணம், அதற்கு மரியாதை வேண்டும். அந்த 1978 கணக்கையே போட்டுப் பாருங்கள் என்றேன். காக்காவுக்கு 30. மூன்று பெண்களுக்கும் சேர்த்து 70. இல்லையென்றால் அவர் பணத்தைக் கடனாக எழுதி, திருப்பிக் கொடுக்கத் தேதி போடுங்கள். இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். யாராவது பங்கை விற்க வேண்டி வந்தால், முதலில் மற்ற கூட்டாளிகளிடம்தான் கேட்க வேண்டும். யூனிலீவர் கதை அதற்குத்தான். இன்றைக்கு எல்லோரும் நல்லவர்கள். நாளைக்கு ஒருவருக்குக் கல்யாணம் ஆகும், ஒருவர் வெளியூர் போவார், ஒருவர் மவுத்தாகிவிட்டால் வாரிசுகள் வருவார்கள். அண்ணன் தங்கைக்குள் எதற்குப் பேப்பர் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, பேப்பர் இருந்தால்தான் அண்ணன் தங்கையாகவே இருக்கலாம்.

காக்கா பேரில் கம்பெனி இருந்தால் உரமும் விளையும், லாபமும் வரலாம். ஆனால் ஒரு நாள் அவர் ஊர் திரும்பிக் கடையைத் தானே பார்த்துக்கொள்கிறேன் என்றால், இவள் தன் கண்ணால் வளர்த்த கம்பெனியில் சம்பளத்துக்கு நிற்பாள். அந்தச் சம்பளமும் இல்லாமல் போகலாம். அவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. பதிவு அவர் பேரில் இருந்தாலே போதும்.

எல்லாம் கேட்டுவிட்டு உம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார், "அந்தப் பொண்ணோட உம்மா என்ன சொன்னாங்க சார், அப்ப?"

அப்போது என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பின்னாளில் என்ன செய்தார் என்று தெரியும். யாமினி மஜும்தார், 60 வயதைத் தாண்டிய பிறகு பெங்களூரில் தானே சொந்தமாகச் சலவைத் தொழில் தொடங்கி நடத்தினார். அதைச் சொன்னேன்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே மகளிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. "இன்னைக்கு ராத்திரி காக்காவுக்கு நான் பேசுறேன். நீ பேசாதே."

என்ன முடிவாயிற்று என்று இன்னும் தகவல் வரவில்லை. சவூதி, துபாய், மலேசியா என்று இருந்துகொண்டு இந்தப் பதிவைப் படிக்கும் என் பழைய மாணவர்களே, உங்களில் யாராவது ஒருவர் அந்தக் காக்காவாக இருக்கலாம். தங்கச்சி போன் பண்ணினால், உம்மா போன் பண்ணினால், பணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் யார் பேரில் என்று கேளுங்கள். பதிலையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.